விசிறி சொன்ன சேதி

நேயர்களே! உங்கள் வீட்டில் மடிக்கணினி இருக்கிறதா? இருந்தால், ராத்திரி பத்து மணிக்கு மேல் அது ஒரு சத்தம் போடுமே, அதைக் கேட்டிருக்கிறீர்களா? முதலில் எங்கோ தூரத்தில் வண்டு ரீங்காரம் செய்வது போல ஆரம்பிக்கும். சரி, தானே அடங்கிவிடும் என்று நாம் பேசாமல் இருப்போம். இரண்டு நிமிஷத்தில் அது மாவு மில்லாகிவிடும். ஐந்து நிமிஷத்தில், மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிய விமானம் வழி தவறி நம் கூடத்துக்குள் புகுந்துவிட்டதோ என்று தோன்றும்.

அந்தச் சத்தத்தை அடக்க நான் பட்ட பாட்டைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன். "பத்திரிகைக் காரியாலயத்தில் உத்தியோகம் பார்க்கிறவளுக்கு யந்திர விவகாரம் எதற்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நான் காலேஜில் படித்தது சரித்திரம். திருப்புளியை எந்தப் பக்கம் பிடிப்பது என்று கூடத் தெரியாது. ஆனாலும் இதைச் சொல்லியே தீர வேண்டியிருக்கிறது. ஏனென்றால், விசிறியின் வாயை மூடப் போனவள், அதே சமயத்தில் இன்னொருவர் வாயையும் மூடிவிட்டேன். அதனால் நேர இருந்த விபரீதம் கொஞ்ச நஞ்சமல்ல.

முதலில் அந்த யந்திரம் எங்கள் வீட்டுக்கு வந்த கதை. என் கணவரின் ஆபீஸில் பழைய சாமான்களை ஏலம் விட்டபோது அவர் எடுத்து வந்தது அது. திங்க்பேட் என்று பெயர். கறுப்பு நிறம், கட்டைகுட்டையான உருவம், எழுத்துப் பொத்தான்களுக்கு நடுவே குங்குமப் பொட்டு வைத்தாற்போல் ஒரு சிவப்புக் குமிழ். "லட்சணமாகத்தான் இருக்கு" என்று அம்மாவே சிபாரிசு செய்தாள். 2016-ல் செய்த யந்திரம். ஆனாலும் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதவும், தொடர்கதை புரூப் பார்க்கவும் அதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பராமரிப்பை மைக்ரோஸாஃப்ட் நிறுத்திக் கொண்டது. விண்டோஸ் 11 போடலாமென்றால், "உன்னுடைய பிராஸஸருக்கு வயசாகிவிட்டது, இடமில்லை" என்று கையை விரித்துவிட்டது. என் அண்ணா பூனாவில் இருக்கிறார். அவருடைய பிள்ளை இங்கே இஞ்சினீயரிங் காலேஜ் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறான். அவன்தான், "லினக்ஸ் போட்டுடலாம், அத்தை. அது காசும் கேட்காது, வயசும் கேட்காது" என்றான்.

லினக்ஸ் என்பது ஃபின்லாந்து தேசத்துச் சரக்கு. 1991-ல் ஹெல்சிங்கி சர்வகலாசாலையில் படித்துக் கொண்டிருந்த லினஸ் டார்வால்ட்ஸ் என்ற 21 வயசுப் பையன் பொழுதுபோக்காக எழுத ஆரம்பித்த காரியம். இன்றைக்கு உலகத்துப் பெரிய கணினிக் கூடங்களெல்லாம் அதில்தான் ஓடுகின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளலாம், உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்க்கலாம், மாற்றி அமைக்கலாம். இந்தக் கடைசி சௌகரியம்தான் எனக்கு வினையாக வந்து சேர்ந்தது.

எங்கள் ஜாகை மேற்கு மாம்பலத்தில். கூடம் ஒன்று, அறை இரண்டு. அப்பா காலமான பிறகு அம்மா கும்பகோணத்து வீட்டைப் பூட்டிக் கொண்டு எங்களோடு வந்துவிட்டாள். அம்மாவுக்குப் படுக்கை போட்ட அறையில்தான் என் மேஜையும் இருக்கிறது. பகலில் காரியாலயம், சாயங்காலம் சமையல், குழந்தையின் பாடம். எழுத்து வேலைக்கு மிஞ்சியது ராத்திரிதான். நான் மேஜை முன்னால் உட்கார்வேன். அரை மணிக்கெல்லாம் யந்திரம் தன் கச்சேரியை ஆரம்பித்துவிடும்.

"என்னடி அது, அர்த்த ராத்திரியில் மாவு அரைக்கறே?" என்பாள் அம்மா, போர்வைக்குள்ளிருந்து.

"மெஷின் சத்தம், அம்மா. நீ தூங்கு."

"தூக்கமா? எங்கே வருது? முழங்கால் குடையறது. உள்ளங்கால் என்னமோ பஞ்சு மேலே நடக்கிறாப்பலே இருக்கு. வாயெல்லாம் உலர்ந்து போறது..."

அம்மாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. மாத்திரை சாப்பிடுகிறாள். அவளுடைய புலம்பலும் அந்தப் பன்னிரண்டு வருஷமாக எங்களுக்குப் பழக்கம். வாசலில் பால்காரர் மணியடிப்பது போல, மாடியில் தண்ணீர் மோட்டார் ஓடுவது போல, அதுவும் ஒரு சத்தம். காதில் விழும், மனசில் விழாது.

மே மாசத்தில் ஒரு நாள். மறுநாள் காலையில் கட்டுரை அச்சுக்குப் போக வேண்டும். வெளியே கத்திரி வெயிலின் புழுக்கம் ராத்திரியிலும் இறங்கவில்லை. விசிறி அலறுகிறது. அதற்குப் போட்டியாக அம்மா தன் காலைப் பற்றி ஏதோ சொல்லிக் கொண்டிருக்கிறாள். எனக்கு வந்ததே பார்க்க வேண்டும் கோபம்!

"அம்மா! உனக்குப் புண்ணியமாகப் போகட்டும். இந்த மெஷினும் நீயும் மாற்றி மாற்றிச் சத்தம் போட்டால் நான் எப்படி எழுதுவது? கொஞ்சம் சும்மா இரேன்!"

அம்மா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக் கொண்டாள். அப்புறம் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. காலையில் காப்பியை வாங்கிக் கொண்டு, "நன்றாயிருக்கு" என்று மட்டும் சொன்னாள். அம்மா காப்பியில் குற்றம் கண்டுபிடிக்கவில்லை என்றால் ஏதோ கோளாறு என்று அப்பொழுதே எனக்குப் பட்டிருக்க வேண்டாமா? படவில்லையே! அப்பாடா என்றுதான் இருந்தது. ஒரு சத்தம் ஓய்ந்தது. இன்னொன்றையும் ஓய்த்துவிட்டால் தேவலை என்று நினைத்தேன்.

விசாரித்ததில் உபாயம் அகப்பட்டது. திங்க்பேட் யந்திரங்களின் விசிறிக்கென்று லினக்ஸில் ஒரு சின்னக் கோப்பு இருக்கிறது. அது இருக்கும் இடத்துக்கு "ஐபிஎம்" என்று பெயர். ஏனென்றால் 1992-ல் திங்க்பேட்டை முதலில் கொண்டு வந்தது ஐபிஎம் கம்பெனி. 2005-ல் அது லெனோவோவின் கைக்கு மாறிவிட்டது. ஆனாலும் லினக்ஸில் அந்தப் பழைய பெயர் அப்படியே தங்கிவிட்டது. புக்ககம் வந்து இருபது வருஷமானாலும் நம்மைப் "பிறந்த ஊர்ப் பெண்" என்று கூப்பிடுகிறார்கள் அல்லவா, அதைப் போல!

அந்தக் கோப்பில் "லெவல் 7" என்று எழுதினால் விசிறி வேகமாகச் சுற்றும். "லெவல் 1" என்றால் மெள்ளச் சுற்றும். "லெவல் 0" என்றால் நின்றுவிடும். "லெவல் ஆட்டோ" என்றால், யந்திரமே தன் உஷ்ணத்தைப் பார்த்துத் தீர்மானித்துக் கொள்ளும். சாதாரணமாக இந்த அதிகாரத்தை நமக்குக் கொடுப்பதில்லை. எழுதினவர்கள் அந்தக் கதவைப் பூட்டியே வைத்திருக்கிறார்கள். ஆனால் "ஃபேன் கண்ட்ரோல்" என்பதற்கு எதிரே 1 என்று போட்டால் பூட்டுத் திறந்துவிடும். எதற்காகப் பூட்டினார்கள் என்று நான் யோசிக்கவில்லை. பூட்டைக் கண்டால் சாவி தேடுவதுதானே மனுஷ சுபாவம்? திறந்தேன். "லெவல் 0" என்று எழுதினேன்.

ஆஹா! அந்த நிசப்தத்தை என்னவென்று சொல்வது! சுவர்க் கடிகாரத்தின் டிக் டிக் கூடக் கேட்டது. போதாததற்கு, மேஜை அதிராமல் இருக்கட்டும் என்று ஒரு துண்டை நாலாக மடித்து யந்திரத்துக்கு அடியில் மெத்தை மாதிரி போட்டு வைத்தேன். அம்மா சத்தமில்லாமல் படுத்திருந்தாள். யந்திரமும் சத்தமில்லாமல் இருந்தது. வீடு முழுக்க ஒரே சாந்தி.

பன்னிரண்டு மணிக்கு, எழுத்துக்கள் தயங்கித் தயங்கி விழ ஆரம்பித்தன. நான் ஒரு வாக்கியம் அடித்து முடித்த பிறகு, யந்திரம் சாவகாசமாக ஒவ்வொரு எழுத்தாகப் போட்டது. "தூக்கக் கலக்கம் போலிருக்கிறது, பாவம்" என்று எண்ணிக் கொண்டேன். கையை வைக்கும் இடம் தோசைக் கல்லை இறக்கி வைத்த மேடை போல வெதவெதவென்றிருந்தது. பன்னிரண்டரைக்கு, முன்னறிவிப்பு ஒன்றுமில்லாமல் திரை இருண்டு போயிற்று. எந்தப் பொத்தானைத் தட்டியும் பிரயோஜனமில்லை. கடைசி இரண்டு பக்கங்களை நான் சேமிக்கவில்லை. அவை போனது போனதுதான். மறுநாள் ஆசிரியர் முன்னால் என் நிலைமையை நேயர்களே ஊகித்துக் கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை மருமான் வந்தான். நடந்ததைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

"அத்தை, குக்கர் விசில் அடிக்கிறது காது குடைகிறது என்று வெயிட்டை அழுத்திப் பிடித்துக் கொள்வீர்களா?"

"நான் என்ன பைத்தியமா?"

"அதைத்தான் செய்திருக்கிறீர்கள். ஏதோ, யந்திரம் புத்திசாலி. தன்னைத்தானே அணைத்துக் கொண்டது."

யந்திரத்துக்குள் நடப்பதை அவன் எனக்குப் புரிகிற விதத்தில் சொன்னான். சகோதரிகளே, உங்களுக்கும் புரியும். எல்லாம் நம் சமையலறை சமாசாரம்தான்.

கணக்குப் போடுகிற பிராஸஸர் என்பது நகத்தளவுச் சில்லு. வேலை செய்யச் செய்ய அது கொதிக்கும். அதன் மேல் ஒரு செம்புக் குழாய் தட்டையாகப் படிந்திருக்கும். குழாய்க்குள் காற்றை எடுத்துவிட்டுத் துளித் தண்ணீர் வைத்து மூடியிருப்பார்கள். காற்றில்லாத இடத்தில் தண்ணீர் நூறு டிகிரி வரைக்கும் காத்திராமல் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிவிடும். அந்த ஆவி குழாயின் மறு கோடிக்கு ஓடும். அங்கே மெல்லிய தகடுகள் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாக நிற்கின்றன. விசிறி அவற்றின் ஊடே காற்றை ஊதும். ஆவி குளிர்ந்து, இட்லிக் குண்டான் மூடியில் முத்து முத்தாகத் திரள்வது போல் தண்ணீராகி, குழாயின் உட்சுவரில் உள்ள திரி போன்ற பாகத்தின் வழியே மறுபடி சில்லுக்கே திரும்பி வரும். இப்படி ஓயாமல் நடக்கிறது. விசிறி நின்றால் தகடுகள் குளிராது. தகடுகள் குளிராவிட்டால் ஆவி தண்ணீராகாது. சூடெல்லாம் சில்லிலேயே தேங்கும்.

தேங்கினால் என்ன? முதலில் பிராஸஸர் தன் வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். அதுதான் நான் "தூக்கக் கலக்கம்" என்று நினைத்தது! இந்த வகைப் பிராஸஸர்களுக்கு நூறு டிகிரி சுமாருக்கு எல்லை வைத்திருக்கிறார்கள். வேகத்தைக் குறைத்தும் சூடு தணியாவிட்டால், உயிர் பிழைத்தால் போதுமென்று மொத்தத்தையும் அணைத்துவிடும். என் துண்டு மெத்தை வேறு, அடிப்பக்கத்துக் காற்றுத் துவாரங்களை அடைத்துப் புண்ணியம் கட்டிக் கொண்டது. மடிக்கணினியைப் படுக்கை மேலும் தலையணை மேலும் வைத்துக் கொள்கிறவர்கள் தயவு செய்து இதைக் கவனிக்க வேண்டும்.

"முதலில் ஜுரம் எவ்வளவு என்று பார்க்கலாம்" என்று சொல்லி, விசிறியை ஆட்டோவுக்கு மாற்றிவிட்டு, உஷ்ணம் பதியும் கோப்பைத் திறந்தான். 71000 என்று இருந்தது.

"ஐயையோ! எழுபத்தோராயிரம் டிகிரியா?"

"பயப்படாதீர்கள். லினக்ஸ் இந்தக் கோப்பில் ஒரு டிகிரியை ஆயிரம் பங்காக்கிச் சொல்லும். எழுபத்தொரு டிகிரிதான். ஆனாலும், ஒரு வேலையும் செய்யாமல் சும்மா இருக்கும்போது இது ஜாஸ்தி." இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம் என்கிறவர்களுக்கு "எல்எம்-சென்சார்ஸ்" என்ற மென்பொருளைப் போட்டுக் கொண்டால் போதுமாம். "சென்சார்ஸ்" என்று ஒரே சொல்லை அடித்தால், எந்தப் பாகம் எத்தனை டிகிரி, விசிறி நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்று பட்டியல் போட்டுக் காட்டிவிடுகிறது.

அடுத்தாற்போல், "யார் அடுப்பை அணைக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்ப்போம்" என்று "டாப்" என்று அடித்தான். ஓடிக் கொண்டிருக்கும் காரியங்களெல்லாம், அதிகம் உழைப்பது மேலே, குறைவாக உழைப்பது கீழே என்று வரிசை கட்டி நின்றன. முதலிடம் பிரௌஸருக்கு. நான் திறந்து, மறந்து, மூடாமல் விட்டிருந்த பக்கங்கள் முப்பத்தெட்டு! அவற்றில் ஒரு புடவை விளம்பரம், பார்ப்பார் யாருமின்றி நாள் பூராவும் தானே ஆடிக் கொண்டிருந்தது. அத்தனையையும் மூடினோம். மூடிய மாத்திரத்தில் விசிறியின் சுருதி ஒரு கட்டை இறங்கிற்று.

பிறகு மின்சாரத்தை விலக்கி, பாட்டரியைத் துண்டித்து, அடிப்பக்கத்து மூடியைக் கழற்றினான். விசிறிக்கும் அந்தச் சீப்புத் தகடுகளுக்கும் நடுவே பார்க்க வேண்டுமே! சாம்பல் நிறத்தில், கம்பளித் துணியே நெய்து வைத்தாற்போல் தூசி. இத்தனை வருஷம் ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. காற்று புக வழியில்லாத இடத்தில் விசிறி என்னதான் செய்யும்? மூச்சுத் திணறுகிறவன் போல் இன்னும் பலமாக இரைத்ததுதான் அதற்குத் தெரிந்த வழி. விசிறி இதழ்கள் சுற்றாதபடி விரலால் பிடித்துக் கொண்டு, மிருதுவான பிரஷினால் தூசியை எடுத்தான். பிடித்துக் கொள்ளாமல் ஊதினால் அது கண்டபடி சுற்றிக் கெட்டுப் போய்விடுமாம்.

சில்லுக்கும் செம்புக்கும் நடுவே ஒரு பசை தடவியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களை நிரப்பி, சூட்டைக் கடத்துவதற்கு அது. அது நேற்று அரைத்த சந்தனம் போல் வறண்டு வெடித்திருந்தது. பழசைத் துடைத்து, அரிசி மணியளவு புதுப் பசை வைத்தான். "இதை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்துச் செய்து கொள்வது நல்லது, அத்தை. உங்கள் கட்டுரையில் அவசியம் அதை எழுதுங்கள்" என்றான். எழுதிவிட்டேன்.

எல்லாம் மூடிப் போட்டு மறுபடி பார்த்தால், 46000!

இத்தனைக்கும் பிறகுதான் விசிறியின் பக்கம் வந்தான். ராத்திரி நேரத்துக்கு, "பவர் சேவர்" என்ற சிக்கன ஏற்பாட்டைப் போட்டான். "டர்போ"வையும் நிறுத்தினான். என் பிராஸஸரின் இயல்பான வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ், அவசரமென்றால் 3 வரை துள்ளும். கட்டுரை எழுதுகிறவளுக்கு அந்தத் துள்ளல் எதற்கு? துள்ளாவிட்டால் சூடுமில்லை.

கடைசியாக "திங்க்ஃபேன்" என்ற மென்பொருளைப் போட்டு ஒரு அட்டவணை எழுதினான். அறுபது டிகிரியில் விசிறி மெள்ளத் தொடங்க வேண்டும்; ஆனால் ஐம்பதுக்கு இறங்கின பிறகுதான் நிற்க வேண்டும்.

"ஏன், அறுபதில் தொடங்கி ஐம்பத்தொன்பதில் நிறுத்தக் கூடாதா?"

"அப்படிச் செய்தால் ஒரு டிகிரி ஏறினால் ஓடும், ஒரு டிகிரி இறங்கினால் நிற்கும்; ராத்திரி பூரா தொடங்கி நின்று, தொடங்கி நின்று பிராணனை வாங்கும். தொடங்குவதற்கும் நிற்பதற்கும் நடுவே இடைவெளி வேண்டும். அதோடு காவலும் வேண்டும். விசிறியை நாமே ஓட்டும்போது, இத்தனை விநாடிக்குள் உத்தரவு வராவிட்டால் விசிறியைத் தானாகவே ஓட வைத்துவிடு என்று சொல்லி வைக்கலாம். 120 விநாடி வரை வைத்துக் கொள்ளலாம். நீங்கள் அதைக்கூடப் போடாமல் விசிறியை நிறுத்தியிருக்கிறீர்கள்."

எல்லா மடிக்கணினியிலும் இப்படி விசிறியைத் தொட முடியாது என்றும் சொன்னான். பல யந்திரங்களில் உள்ளே இருக்கும் ஒரு சின்னக் கட்டுப்பாட்டுச் சில்லு லினக்ஸுக்கு அந்த அதிகாரத்தைக் கொடுப்பதில்லை. அதனால் நஷ்டமொன்றுமில்லை. தூசியை எடுப்பதும், வீண் வேலைகளை மூடுவதும், சிக்கனத்தில் ஓட்டுவதும் எந்த யந்திரத்திலும் செய்யலாம். சத்தத்தில் முக்கால்வாசி அதிலேயே போய்விடுகிறது.

கைகளைத் துடைத்துக் கொண்டே பையன் சொன்னான்: "அத்தை, சத்தம் போடுகிற யந்திரத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். அது உள்ளே சூடு இருக்கிறது என்று சேதி சொல்கிறது. உள்ளே சூட்டை வைத்துக் கொண்டு சத்தம் போடாமல் இருக்கிறதே, அதைக் கண்டால்தான் பயப்பட வேண்டும்."

இதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். ஆனால் அந்தச் சமயத்தில் அம்மா கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பேரன் வந்து மூன்று மணி நேரமாகிறது. "ஏண்டா இளைச்சுட்டே, ஹாஸ்டலில் சோறு போடறாளா இல்லையா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையைக் கட்டிக் கொண்டு ஜன்னலைப் பார்த்துக் கொண்டிருந்தாள். என் வயிற்றில் என்னமோ செய்தது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். நான் அதட்டின ராத்திரிக்கு அப்புறம் பதினோரு நாளாகிவிட்டது. பதினோரு நாளாக அம்மா ஒரு குறையும் சொல்லவில்லை.

பக்கத்தில் போய்க் கீழே உட்கார்ந்தேன். "அம்மா, கால் எப்படி இருக்கு?"

"இருக்கு. ஒண்ணுமில்லை. நீ உன் வேலையைப் பாரு."

"காட்டேன்."

"வேண்டாம்டி. ஒண்ணும் வலிக்கக்கூட இல்லை."

புடவைக் கரையை நானே விலக்கினேன். இடது காலில், சுண்டு விரலுக்குக் கீழே பழைய துணியைக் கிழித்துச் சுற்றியிருந்தாள். அவிழ்த்தேன். உள்ளே புண். எட்டணாக் காசு அகலத்துக்கு, ஓரமெல்லாம் கறுத்துப் போயிருந்தது. எங்கே குத்திற்று, எப்பொழுது குத்திற்று என்று அவளுக்கே தெரியவில்லை. கட்டுத் துணி நனைவதைப் பார்த்துத்தான் புண் இருக்கிறதென்றே தெரிந்து கொண்டாளாம்.

"ஏம்மா சொல்லவில்லை?"

"நீதானேடி சும்மா இருக்கச் சொன்னே?" என்றாள் அம்மா. அதில் கோபமில்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்றைக்கே டாக்டரிடம் ஓடினோம். நீண்ட நாள் சர்க்கரையினால் பாதத்து நரம்புகள் மரத்துப் போகும், பஞ்சு மேல் நடப்பது போலிருக்கிறது என்று சொன்னாளே, அதுதான் நரம்பு கொடுத்த முதல் எச்சரிக்கை என்றார். "வலி இருந்தால் ஜனங்கள் உடனே வந்துவிடுகிறார்கள், அம்மா. வலிக்காத புண்தான் காலை வாங்கிவிடுகிறது. இன்னும் தாமதித்திருந்தால் விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும்." சர்க்கரைக்காரர்கள் தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பி, விரலிடுக்கெல்லாம் பார்க்க வேண்டும், தங்களால் குனிய முடியாவிட்டால் வீட்டிலுள்ளவர்கள் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

ஆறு வாரம் கட்டுப் போட்டதில் புண் ஆறிவிட்டது. விரல் பிழைத்தது. எங்கள் வீட்டில் ராத்திரி இரண்டு சோதனைகள் இப்போது வழக்கமாகிவிட்டன. மேஜையில் உட்காரும் முன் அம்மாவின் பாதங்களை விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பேன். அப்புறம் "சென்சார்ஸ்" என்று அடித்து யந்திரத்தைப் பார்ப்பேன். அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்டேன். "போடி, வேலையில்லாதவளே!" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் காலையில் காப்பியில் டிகாக்ஷன் போதவில்லை என்றாள். அந்தக் குறை என் காதுக்குச் சங்கீதமாக இருந்தது.

போன வாரம் ஒரு ராத்திரி. மணி பதினொன்று இருக்கும். எழுதிக் கொண்டிருந்தேன். அறை நிசப்தமாக இருந்தது.

"ஏண்டி," என்றாள் அம்மா, போர்வைக்குள்ளிருந்து. "அந்த மெஷின் சத்தத்தையே காணோமே? அதுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

பார்த்தேன். "நாற்பத்தெட்டு டிகிரி, அம்மா. சௌக்கியமாக இருக்கு."

"பார்த்துட்டுத்தானே சொல்றே?"

"பார்த்துட்டுத்தான் சொல்றேன்."

"அப்போ சரி" என்று சொல்லிவிட்டு, தன் முழங்காலைப் பற்றி ஆரம்பித்தாள். நான் மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக் கொண்டேன்.